பெருமாட்டிக்கு வந்த ஆறு கிலோவாட்

“ஐயா, ஒரு வீட்டுக்கு ஷவர் ஹீட்டர் மாட்டணும். மூணு கிலோவாட் போடலாமா, ஆறு போடலாமா? நம்பரை மட்டும் சொல்லுங்க, போதும்.”

போன மாதம் உங்களில் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். ‘அப்புறம் சொல்கிறேன்’ என்று அனுப்பிவிட்டேன். கிழவருக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது என்று அவர் நினைத்திருக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும். நம்பரில் என்ன இருக்கிறது? பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள், கண் தெரிந்தவன் எவனும் படிக்கலாம். இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்த பிறகும் அந்த நம்பரைச் சொல்வதற்கு முன்னால் நான் நாலு கேள்வி கேட்பேன். ஏன் என்று சொல்கிறேன். வேலை தெரிந்தவர்கள் நீங்கள், கம்பி பிடிப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாம். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்போது பாலக்காடு மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. டவுனில் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்த நான், ஒரு எலக்ட்ரிகல் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வெந்நீர் ஹீட்டர் என்பது அன்றைக்கு துரைமார் சமாச்சாரம். வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய்த் தோட்டத்து பங்களாவில் நான் மாட்டியதுதான் எங்கள் கடையின் முதல் ஷவர் ஹீட்டர். சின்னதாகப் பார்த்து மாட்டினேன். அந்த மலைக்குளிரில் குழாயில் வருகிற தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். ஹீட்டர் பாவம், எவ்வளவு முக்கினாலும் குளிர் விட்டதே ஒழிய சூடு வரவில்லை. மறுநாள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“என்னவே மாட்டிருக்கீரு? துரை துண்டக் கட்டிக்கிட்டு பல்லு கிட்டிப்போயி நிக்காரு! உம்மக் கையோட கூட்டியாரச் சொல்லுதாரு!”

அன்றைக்கு வாங்கிய வசவை முதலாளியும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. ‘இனிமேல் பெரிசாகவே போடு’ என்பது கடையில் சட்டம் ஆகிவிட்டது. மலையில் பட்ட சூட்டை வைத்துக்கொண்டு சமவெளிக்கும் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கோடையில் பெருமாட்டி என்கிற ஊரிலிருந்து ஆள் வந்தது. பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கத்துப் பெரிய பண்ணை. தென்னந்தோப்பு, நெல் வயல், கிணற்றில் மோட்டார் பம்ப் எல்லாம் உண்டு. எங்கள் கடைக்கு வருகிற மோட்டார் வேலைகளில் முக்கால்வாசி அந்தப் பண்ணைக்காரரின் சொந்தபந்தங்கள் அனுப்பியவை. அவர் முகம் கோணினால் கடை படுத்துவிடும்.

பண்ணைக்காரரின் ஒரே மகள் தெய்வானைக்குத் தலைப்பிரசவம். குழந்தை சுகமாகப் பிறந்தது. ஆனால் பெற்றவளை ஜுரம் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்ததே மறுபிறவி என்றார்கள். ஆளைத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும், தானாக எழுந்து நிற்கிற தெம்பு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தலைக்குத் தண்ணீர் வார்க்கிற நாள் குறித்திருந்தார்கள். உடம்பில் குளிர்ச்சி ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இந்தச் சேதி எல்லாம் கடிதத்தில் போக, பம்பாயில் கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்த மாப்பிள்ளை பதறிப்போயிருக்கிறார். பக்கத்து எலப்புள்ளி ஊர்க்காரர், நல்ல மனுஷர், பெண்டாட்டி மேல் உயிர். பிரசவத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்ற குற்ற உணர்ச்சி வேறு. சீமையிலிருந்து கப்பலில் வந்த ஷவர் ஹீட்டர் ஒன்றை வாங்கி, ரயிலில் யாரையும் தொடவிடாமல் மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். ஆறு கிலோவாட். சுவிட்சில் இரண்டு நிலை உண்டு, பாதி, முழுசு. சூடு மிஞ்சினால் தானே நின்றுகொள்ளும் சாமான் எதுவும் அந்தக் காலத்து ஹீட்டரில் கிடையாது.

வீட்டுக்கு வந்த கம்பி நாலு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் போட்ட மெல்லிசுக் கம்பி. அதில் ஆறு கிலோவாட் ஏற்றினால் கம்பியே அடுப்பாகிவிடும். ஆகவே கிணற்றடி மோட்டார் ரூமிலிருந்து தனியாகக் கனத்த கம்பி இரண்டு, தென்னைக்கு நடுவே கம்பம் நட்டு, கொல்லையில் இருந்த குளியலறை வரை இழுத்தேன். மெயின் சுவிட்ச் மோட்டார் ரூமில். குளியலறைக் கூரை மேல் ஒரு இரும்புத் தொட்டி, அதிலிருந்து ஹீட்டருக்குத் தண்ணீர்.

தண்ணீர் வார்க்கிற நாள் காலையில் சோதனை பார்த்தோம். பண்ணைக்காரர், மாப்பிள்ளை, என் முதலாளி மூன்று பேரும் குளியலறையில் நின்றார்கள். பாதியில் வைத்தேன். வெதுவெதுப்புக்கும் கீழே. முழுசில் வைத்தேன். இதமான சூடு, பச்சைக் குழந்தைக்கே ஊற்றலாம். மாப்பிள்ளை கையை நீட்டி நீட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“முழுசுதான் கரெக்ட். நான்தான் சொன்னேனே மாமா!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மீட்டரில் முள் படுத்துக் கிடந்தது. அந்தப் பக்கத்தில் அத்தனை கிணற்றிலும் மோட்டார் ஓடுகிற நேரம் அது. லைனின் மேல் தலையில் ஒரு நெல் மில்லும் ஓடிக்கொண்டிருந்தது. பண்ணை இருந்தது லைனின் கடைசியில். கடைமடைக்குத் தண்ணீர் வருகிற கதைதான் இதுவும். மேலே உள்ளவன் எல்லாம் மடையைத் திறந்து வைத்திருந்தால் கடைசி வயலுக்குச் சொட்டும், அவன் அடைத்தால் இங்கே பாயும். வோல்டேஜ் கால்வாசி குறைந்தாலே ஹீட்டரின் சூடு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், திரும்ப ஏறினால் அது இரட்டிப்பாகும். நாங்கள் கை வைத்துப் பார்த்தது ஆறு கிலோவாட் அல்ல, அதில் பாதி. போதாததற்கு, தொட்டியில் இருந்தது அப்போதுதான் கிணற்றிலிருந்து ஏறிய தண்ணீர். உச்சி வெயிலில் அந்த இரும்புத் தொட்டித் தண்ணீர் தானாகவே சுடும்.

“ஒரு நிமிஷம் கேளுங்கோ,” என்றேன். “மத்தியானம் மோட்டாரெல்லாம் நின்னா இது கொதிக்கும். முழுசுக்குப் போற கம்பியை உள்ளேயே கழட்டி விட்டுடறேன். பாதியே தாராளம்.”

மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. “என்ன சார், சீமையில செஞ்ச சாமானை மூளியாக்கிக் குடுக்கறேங்கறீங்க? சூடு அதிகமானா சுவிட்சைத் திருப்பினா ஆச்சு.”

“யார் திருப்புவா? உள்ளே இருக்கப் போறது பொம்மனாட்டிகள். ஈரக்கையோட கரண்டு சுவிட்சைத் தொடுவாளா?”

முதலாளி என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். “டேய், வண்டன்மேட்டில சின்னதைப் போட்டுட்டு வாங்கிக் கட்டிண்டது போறாதா? பார்ட்டி கேக்கறதைப் போட்டுக் குடு. நீ ஒண்ணும் பறயாதே, வாயை மூடிண்டு இரு, மனசிலாச்சோ?”

நான் பண்ணைக்காரரிடமே போனேன். மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் மோட்டார்கள் நிற்கும். அதற்குப் பிறகு நான் ஒரு தடவை சோதித்துப் பார்க்காமல் யாரையும் அதன் அடியில் உட்கார வைக்கக் கூடாது என்றேன்.

“செரீங்க சாமி. சங்கு ஊதட்டும், நீங்க பாத்துச் சொல்லுங்க. அப்பறமே தண்ணி வாத்துக்கறாங்க.”

அந்த வாக்கை நம்பித்தான் நான் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன்.

ஆனால் ஆண்கள் முன்கட்டில் பேசி முடித்ததைக் கொல்லையில் இருந்த பெண்களிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. பெண்களுக்கு வேறு கவலை. அன்று புதன்கிழமை. பன்னிரண்டுக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்கு முன்னால் பிள்ளை பெற்றவள் தலையில் முதல் தண்ணீர் விழ வேண்டும். மருத்துவச்சியோடு சேர்ந்து அவர்கள் பாட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது மில் சங்கு ஊதியது. தோப்புக்கு அப்பால் ஒவ்வொரு மோட்டாராக ஓய்ந்தது. எங்கள் தலைக்கு மேல் அதுவரை சோம்பிச் சுற்றிக்கொண்டிருந்த விசிறி திடீரென்று வேகம் பிடித்தது. இலை நுனிகள் படபடத்தன.

“அப்பாடா, இப்பத்தான் காத்தே வருது!” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

நான் பண்ணைக்காரரைப் பார்த்துச் சொன்னேன், “நான் எழுந்துக்கறேன். போய் சோதிச்சுப் பார்த்துடறேன்.”

“அட, உக்காந்து உண்ணுங்க சாமி! இனி என்னத்தைப் பாக்கறது? ராகுகாலத்துக்கு முந்தியே அவிய புள்ளைய உக்கார வெச்சிட்டாங்களாமா. இப்பத்தான் வந்து சொல்லீட்டுப் போனாங்க.”

விசிறி தலைக்கு மேல் விர்ரென்று சுற்றியது. சந்தோஷமாகக் காற்று வாங்கிக்கொண்டு அத்தனை பேரும் சாப்பிட்டார்கள். அதே மின்சாரம் கொல்லையில் என்ன செய்துகொண்டிருக்கும் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. தெம்புள்ள மனுஷி என்றால் சுட்டதும் துள்ளி எழுந்து ஓடிவிடுவாள். அவளைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும்.

எச்சில் கையோடு எழுந்து ஓடினேன். “என்னடா இது?” என்று முதலாளி கத்தியது காதில் விழுந்தது. போகிற போக்கில் என் சாமான் பைக்குள்ளிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தேன். முதலில் மோட்டார் ரூமைப் பார்த்துத்தான் கால் போனது. கதவில் பூட்டு தொங்கியது. பியூஸ் கட்டையைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்பதால், மோட்டாரை நிறுத்தியதும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவது அந்த ஊர் வழக்கம். பண்ணையில் மோட்டார் ஓட்டுகிறவர் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார். அவரைத் தேடவா? அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். திரும்பிக் கொல்லைக்கு ஓடினேன்.

குளியலறைக்குப் போகிற வழியில் வீட்டம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். “ஏனுங்க! ஆம்பளைங்க இந்தப் பக்கம் வரப்படாதுங்க! அக்கட்டால போங்க!”

உள்ளேயிருந்து ‘ஐயோ’ என்று ஒரு குரல். பலவீனமான குரல்.

பின்சுவருக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்தினேன். “அம்மா! ஷவருக்கு அடியிலேர்ந்து அவளைத் தள்ளி இழுங்கோ! பலகையோட இழுங்கோ!”

உள்ளே ஒரே கூச்சல். மருத்துவச்சியின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. “கொழாயச் சாத்துங்கடி! கொழாயச் சாத்துங்க!”

“சாத்தாதீங்கோ! அப்படியே ஓடட்டும்!” என்று அலறினேன். இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்டு ஓடும்போது தண்ணீரை நிறுத்தினால் உள்ளே இருக்கிற கொஞ்சத் தண்ணீர் கொதித்து ஆவியாகச் சீறும். சுடுகிறதே என்று குழாயை மூடத்தான் எவருக்கும் கை போகும். அதைச் செய்யவிடாமல் தடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

கம்பி சுவருக்குள் நுழைகிற இடம் உயரத்தில் இருந்தது. கீழே தேங்காய் மட்டைக் குவியல். ஏறினேன். பிளேயரைக் கம்பியருகே கொண்டுபோனேன். என் கை முழுக்க ரசம். அப்படியே அறுத்திருந்தால் உங்களுக்குக் கதை சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். உள்ளே அந்தப் பெண் முனகுகிறாள், பின்னால் ஆட்கள் ஓடிவருகிற சத்தம். நான் கையைக் கீழே இறக்கி, வேஷ்டியில் துடைத்தேன். பிளேயரின் ரப்பர் பிடியையும் துடைத்தேன். என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம் அதுதான். பிறகு இரண்டில் மேலே இருந்த கரண்டுக் கம்பியை மட்டும் பிடித்து அறுத்தேன். ஒரு பொறி பறந்தது. கம்பி துள்ளிச் சுவரில் அடித்துத் தொங்கியது.

இறங்குவதற்குள் பண்ணைக்காரர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார்.

“பொம்பளைங்க தண்ணி வாக்கற எடத்துல ஏறி நிக்கற! என்ற ஊட்டுலயே வந்து! என்ன நெனச்சிட்டிருக்கற?”

மாப்பிள்ளை தொங்குகிற கம்பியையே பார்த்தார். “காலையில நான் கை வெச்சுப் பார்த்தனே… நல்லாத்தானே இருந்துச்சு…”

அப்போது குளியலறைக் கதவு திறந்தது. மருத்துவச்சி வெளியே வந்தாள். இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை செக்கச்செவேலென்று இருந்தது, அங்கங்கே தோல் உப்பிக்கொண்டிருந்தது. ஷவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்துக்கொண்டே பலகையை இழுத்திருக்கிறாள்.

“அவர உடுங்க,” என்றாள் பண்ணைக்காரரிடம். “அவரு சத்தம் போடலீன்னா இது என்ற கையில இருக்காது. உங்க புள்ள முதுகுல இருக்கும்.”

சட்டையிலிருந்து அந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. பண்ணைக்காரர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். என் முதலாளி என் கையிலிருந்து பிளேயரை வாங்கி, தானே மட்டைக்குவியலில் ஏறி இன்னொரு கம்பியையும் அறுத்துவிட்டு வந்தார்.

மருத்துவச்சியின் கைக்கு மருந்து போட உடனே வண்டி கட்டி அனுப்பினார்கள். காயம் ஆற வெகுநாள் ஆயிற்று. தெய்வானைக்குத் தோளில் ஒரு துளி பட்டிருந்தது, அவ்வளவுதான். அன்று நான் காலையில் சொன்னது சரியாகிப்போனது. அதற்காக எனக்குச் சந்தோஷம் ஒரு கடுகளவும் இல்லை. மாப்பிள்ளையை அடிக்கலாம் போல் கோபம் வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபமும் நிற்கவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சீமைக்காரன் ஆறு என்று எழுதியது அவன் ஊர்ப் பனித் தண்ணீருக்கு. வண்டன்மேட்டில் அதையே மாட்டியிருந்தால் துரை என்னைக் கட்டிக்கொண்டிருப்பார். பெருமாட்டி வெயிலில், தொட்டித் தண்ணீரில், மூன்றே அதிகம். சோதனை பார்த்தால் எந்த நேரத்தில் குளிப்பார்களோ அந்த நேரத்தில் பாருங்கள். வோல்டேஜ் தாழ்ந்தபோது கிடைக்கிற நல்ல சூட்டை நம்பாதீர்கள். சிறிசைப் போட்டால் வசவு வரும், வாங்கிக்கொள்ளுங்கள். வசவில் தோல் உரியாது.

இவ்வளவையும் நீங்கள் எந்தப் புஸ்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். படிக்க முடியாதது ஒன்று அன்றைக்கு அதற்குப் பிறகுதான் நடந்தது.

பாதிக் குளியலில் தலை நனைந்து, பலகையில் சாய்ந்துகொண்டு தெய்வானை நடுங்கிக்கொண்டிருந்தாள். மெஷின் வந்துவிட்டது என்று அன்று காலையில் யாரும் வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. வீட்டம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மாப்பிள்ளை திடீரென்று பம்பாய்ப் பேன்ட்டோடு அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டார். காய்ந்த தென்னம்பாளையை முறித்துப் போட்டார், மட்டையைத் திணித்தார், குனிந்து ஊதினார். புகையில் கண்ணும் மூக்கும் ஒழுகின. யாரையும் கிட்டே விடவில்லை. தண்ணீர் காய்ந்ததும் தானே குடம் குடமாகக் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்தார்.

பிறகு, அந்த வீட்டில் எந்த ஆம்பிளையும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். மாமனார், என் முதலாளி, நான், வேலைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குளியலறைச் சுவரோடு போய் நின்றுகொண்டார்.

“தெய்வானை,” என்றார். “சூடு பத்துதா கண்ணு?”

நாங்கள் நாலு பேரும் காலையிலிருந்து அந்தத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்திருந்தோம், கிலோவாட்டுக்குச் சண்டை போட்டிருந்தோம். அதுவரை அவளிடம் இதைக் கேட்டவர் எங்களில் யாரும் இல்லை.

உள்ளேயிருந்து அவள் அழுகையை அடக்கிக்கொண்டு பதில் சொன்னாள்.

“எனக்கு எப்பவுமே இத்தன சூடு ஆகாதுங்க. இன்னும் ஒரு சொம்பு பச்சத்தண்ணி கலந்து ஊத்தச் சொல்லுங்க.”